மணல் ஒட்டிய கான்வாஸ்

வணக்கம் சார்,

லண்டன் நேஷனல் கேலரிக்குப் போயிருந்தோம். பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ‘த்ரூவில் கடற்கரை’ பார்த்தேன். இரண்டு பெண்கள், நடுவில் காலி நாற்காலி. முகம்கூடச் சரியாக இல்லை, அவசரத்தில் பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது. இதையெல்லாம் எப்படி ரசிப்பது? முதலில் எதைப் படிக்கலாம்? நான் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

‘அவசரம்’ என்ற சொல்லுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஓவியத்தின் வண்ணப்பூச்சுக்குள் மணல் இருக்கிறது, சிப்பித் துணுக்கும் இருக்கிறது. ஈர வண்ணத்தில் வந்து ஒட்டி அப்படியே காய்ந்துபோனவை. 1870 கோடையில் மோனே கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைந்தது. வெள்ளை உடையில் குடையோடு இருப்பவர் அவர் மனைவி கமில் என்கிறார்கள். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மேகம் நிற்காது, காற்று நிற்காது. மனிதர் அவசரப்படாமல் என்ன செய்வார்?

பதினைந்து வயதில் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலை வரைய உட்கார்ந்தேன். வண்ணம் குழைத்துவிட்டு நிமிர்ந்தால் நிழல் துணிக்கொடிவரை போய்விட்டது. மறுபடி குழைத்தேன், அது மறுபடி நகர்ந்தது. கடைசியில் கறுப்பை அப்பி முடித்து ஓவிய ஆசிரியரிடம் காட்டினேன். “நிழல் கறுப்புன்னு உனக்கு யாருடா சொன்னா?” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அழுகை வந்தது. மறுநாள் சுண்ணாம்புச் சுவரில் பார்த்தேன். ஊதா! பதினைந்து வருடம் அந்த வீட்டில் இருந்தும் பார்த்ததில்லை.

மோனேயின் ‘மேக்பை’ ஓவியத்தில் பனிமேல் விழும் வேலியின் நிழல் நீலமாக இருக்கும். 1869இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் அதை நிராகரித்தது. அவர் மாறவில்லை. 1890-91இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது, வெளிச்சம் மாற மாற கையிலிருந்த கான்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதே போர்தான், இருபதுக்கு மேற்பட்ட ஓவியங்கள். ஓடுகிற வெளிச்சத்தைத் துரத்துகிறவனிடம் போய் கண்ணிமையை எண்ணிக்கொண்டிருக்கலாமா?

நீங்கள் அனுப்பிய 38 படங்களின் நேரத்தைப் பார்த்தேன். எல்லாம் 11 நிமிடத்துக்குள் எடுத்தவை. யாருக்கம்மா அவசரம்?

புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். அப்புறம், அந்த 38இல் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. வாசல் படிக்கட்டில் உங்கள் மகள் ஓடுகிறாள். எல்லாம் கலங்கி, முகமே தெரியவில்லை. அதை அழித்துவிடாதீர்கள்.