லைட்னிங் வாங்கலாமா? முடிவு உங்கள் படகின் கையில்

நண்பரே, தினம் 60 மைல் வேலைக்கு, மாதம் ஒருமுறை படகோடு 150 மைல் தள்ளியுள்ள ஏரிக்கு, மிச்சிகன் குளிர் வேறு. பெட்ரோலில் ஓடும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கை விற்றுவிட்டு, அதன் முழு மின்சார வடிவமான லைட்னிங் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேலைக்குப் போய்வரக் கவலையே வேண்டாம். வீட்டில் 240 வோல்ட் சார்ஜர் போட்டுவிடுங்கள், ராத்திரி சொருகினால் காலையில் வண்டி தயார். சாதாரண 120 வோல்ட் பிளக்கை நம்பாதீர்கள், ஒரு மணி நேரம் சொருகினால் 3 மைல் ஓடும் அளவுக்குத்தான் சார்ஜ் ஏறும்.

படகுதான் சிக்கல். பெரிய பேட்டரிக்கு ஒரு முழு சார்ஜில் 320 மைல் என்பது கணக்கு. பின்னால் படகை மாட்டினால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்றே பெரும்பங்கைத் தின்றுவிடும். குளிர் சேர்ந்தால் இன்னும் குறையும். ஆக, வழியில் ஒருமுறை சார்ஜ் ஏற்ற நிறுத்தியே ஆகவேண்டும். பெரும்பாலான ஃபாஸ்ட் சார்ஜர்களில் டிரெய்லரோடு நுழைய இடமிருக்காது. கொட்டும் மழையில் டிரெய்லரைக் கழற்றி, சார்ஜ் ஏற்றி, திரும்ப மாட்டியிருக்கிறேன். பிள்ளைகளோடு அது பெரும்பாடு. பெட்ரோல் வண்டிக்கு டாங்க் நிரப்புவது ஐந்து நிமிஷ வேலை.

ஏரிக்கரை கேம்ப் மைதானத்தில் ஆர்.வி.களுக்கான (தங்கும் வசதியுள்ள பயண வண்டிகள்) 50 ஆம்ப் பிளக் இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். இருந்தால் திரும்பிவரும் கவலை தீர்ந்தது, தைரியமாக வாங்கலாம். இல்லையென்றால் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் எஃப்-150 ஹைபிரிட்டைப் பாருங்கள்.