கிளையண்டுக்கு எந்தப் பீர்? கேட்டவர்களுக்குப் பதில்

கம்பெனிகள் தங்கள் கிளையண்டுகளை அழைத்து கிராஃப்ட் பீர் சுவைக்கவைக்கும் மாலைகளை பெங்களூரில் நடத்திக்கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன்பு 12 வருடம் ஹோட்டல் பாரில் இருந்தேன். எந்த பிராண்டும் எனக்குக் காசு கொடுப்பதில்லை. கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: 24 பேர் வருகிறார்கள், பாதிப் பேர் லண்டன்காரர்கள். ஐந்து பீர் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். எனக்கு பீரே பழக்கமில்லை. எங்கே தொடங்குவது?

பீர் பழக்கமில்லாதது ஒரு வகையில் நல்லது. பழக்கம் உள்ளவர்கள் தங்களுக்குப் பிடித்ததையே ஐந்து முறை வாங்கி வைப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். முதன்முதலாக நடத்திய மாலையில் எனக்கு ஐபிஏ பைத்தியம் (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு தூக்கலான பீர்), ஆறும் ஐபிஏ. மூன்றாவது கிளாஸில் எல்லார் நாக்கும் மரத்துப்போனது. ஒரு பெரிய மனிதர் மிகவும் மரியாதையாக, "இது போன தடவை ஊற்றியதா, இனிமேல் ஊற்றப்போவதா?" என்று கேட்டார். அன்றோடு அந்தப் பழக்கம் போயிற்று.

ஐந்து பீர் என்றால் ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்க வேண்டும். வருகிறவருக்கு பீர் தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரிய வேண்டும், அப்போதுதான் வாயைத் திறந்து பேசுவார். என் வழக்கமான வரிசை இது. முதலில் லேசான ஒரு லாகர் அல்லது மெல்லிய, வெளிர்நிற பிளாண்ட் ஏல் (ஏல் என்பதும் பீரில் ஒரு வகைதான்). அடுத்து ஜெர்மன் பாணி கோதுமை பீர். மூக்கருகே கொண்டுபோனாலே நன்றாகப் பழுத்த வாழைப்பழமும் லேசாகக் கிராம்பும் வரும். "என்ன எசன்ஸ் போட்டீர்கள்?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். எசன்ஸ் கிடையாது, ஈஸ்ட் செய்கிற வேலை. அங்கேதான் மாலை சூடுபிடிக்கும். மூன்றாவது, வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) இனிப்பு உள்ள ரெட் ஏல். நான்காவது ஐபிஏ. கசப்பு நாக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும் என்பதால் அதை முன்னால் கொண்டுவரவே கூடாது. கடைசியில் காபி வாசனை வரும் கறுப்பு பீரான ஸ்டவுட்.

லண்டன்காரர்களிடம் ஐபிஏ வைத்து வித்தை காட்டாதீர்கள். அவர்கள் தெருமுனையிலேயே நல்லது கிடைக்கும். அவர்களுக்குக் கிடைக்காததைக் கொடுங்கள். இந்திராநகரில் 2010 முதல் இருக்கும் டாய்ட் என்ற மைக்ரோபிரூவரியில் (அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பார்) பாஸ்மதி பிளாண்ட் என்று பாஸ்மதி அரிசி சேர்த்த பீர் உண்டு. அது போன்ற ஒன்றுதான் முதல் கிளாஸ். மாம்பழ சீசனில் சில இடங்களில் மாம்பழ பீரும் வரும். ஆனால் குடித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள், பல இடங்களில் அது பாதி ஜூஸ்தான்.

அளவு: ஆளுக்கு ஒரு பீருக்கு 90 மி.லி. போதும். ஐந்து சேர்த்தால் 450, ஒரு பெரிய பாட்டிலான 650-ஐக்கூடத் தொடாது. 24 பேருக்கு ஒரு பீர் இரண்டேகால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். நுரை, சிந்தல், "இன்னொரு வாய்" எல்லாம் சேர்த்து மூன்று லிட்டர் சொல்லுங்கள். 20 லிட்டர் கெக் (பீர் பீப்பாய்) வாங்கிவிட்டு முழிக்காதீர்கள்.

இன்னொன்று. பீரை உங்கள் ஆபீஸுக்குக் கொண்டுவர நினைத்தால் கலால் துறை அனுமதி, லைசென்ஸ் என்று அலைய வேண்டியிருக்கும். வார நாளில் மாலை நாலு மணிக்கு மைக்ரோபிரூவரியிலேயே ஒரு மூலையைப் பிடியுங்கள். இடம் காலியாக இருக்கும், பீர் டேங்கிலிருந்து நேராக வரும், காய்ச்சுகிறவரே வந்து பேசுவார். பீர் காய்ச்சுகிறவர்களுக்குத் தங்கள் பீரைப் பற்றிப் பேசக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஓசூரிலிருந்து: எது நல்ல கிக் கொடுக்கும்?

தவறான கடைக்கு வந்திருக்கிறீர்கள்.

ஜெயநகரிலிருந்து: கிளாஸை ஃப்ரீசரில் வைத்து, பனி படர்ந்தபடி கொடுத்தால் கிளையண்ட் அசந்துபோவாரா?

அசந்துபோவார், சுவை தெரியாது. அதிகக் குளிர்ச்சியில் நாக்கும் மூக்கும் வேலை செய்யாது. தவிர, அந்தப் பனி உருகி பீரில் தண்ணீராகக் கலக்கும். லாகருக்கு 4 முதல் 6 டிகிரி, கோதுமை பீருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, ஐபிஏ 8 பக்கம், ஸ்டவுட் 10-ஐத் தாண்டினால்தான் காபியும் சாக்லேட்டும் வெளியே வரும். தெர்மாமீட்டரெல்லாம் வேண்டாம். ஸ்டவுட்டை ஃப்ரிட்ஜிலிருந்து கால் மணி நேரம் முன்னால் எடுத்து வையுங்கள்.

ஃப்ரீசரைவிட முக்கியம் கிளாஸ் கழுவுவது. ஊற்றிய பிறகு கிளாஸின் உள்சுவரில் குட்டிக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது. நுரை சீக்கிரம் அடங்கிவிடும், பழி பீர்மேல் விழும். மதியம் பாதாம் பால் கொடுத்த கிளாஸில் சாயங்காலம் பீர் ஊற்றினால் இதுதான் நடக்கும். தனி ஸ்பாஞ்ச், நிறையத் தண்ணீர், துடைக்காமல் கவிழ்த்து உலர்த்துவது. அவ்வளவுதான்.

கோரமங்கலாவிலிருந்து: ஸ்லைடில், "ஐபிஏ இந்தியாவுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது, கப்பலில் கெடாமல் இருக்க ஹாப்ஸ் அதிகம் போட்டார்கள்" என்று எழுதியிருக்கிறேன். கிளையண்டுக்குப் பிடிக்கும்தானே?

பிடிக்கும். ஆனால் எழுதாதீர்கள். லண்டனிலிருந்து வருகிறவர்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கும்.

யாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. லண்டனின் கிழக்குப் பக்கம் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் பீர் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நிற்கும் இடம் அங்கிருந்து கிட்டத்தில்தான். கப்பல் கேப்டன்களுக்குச் சொந்தமாகச் சரக்கு ஏற்றி விற்க உரிமை உண்டு. பக்கத்தில் இருந்தார், ஒன்றரை வருடம் வரை கடனும் கொடுத்தார், அதனால் அவரிடம் வாங்கினார்கள். இதில் விஞ்ஞானத்தைவிட அண்ணாச்சி கடைக் கணக்குதான் அதிகம். அப்போது கறுப்பு போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் இந்தியாவுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதைத்தான் குடித்தார்கள். மற்ற பீரெல்லாம் வழியில் கெட்டது என்பது கட்டுக்கதை.

மயிலாப்பூரிலிருந்து: என்ன இப்படிச் சொல்கிறீர்கள்? பாதி பாட்டில்களின் லேபிளிலேயே அந்தக் கதை இருக்கிறதே.

லேபிள் விளம்பரம் ஐயா. அதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: ஹாப்ஸ் பீரைக் கெடாமல் காக்கும் என்பது உண்மைதானே? அப்படியானால் கதையில் பாதி சரி.

நியாயம், ஒத்துக்கொள்கிறேன். வெயில் நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸ் கூடப் போட வேண்டும் என்ற அறிவுரை 1760-களிலேயே உண்டு. அது எல்லா வெயில் நாட்டுக்கும் பொது, இந்தியாவுக்கென்று தனியாகச் சொன்னதில்லை. பேர்கூட அப்புறம்தான் வந்தது. 1829-இல் சிட்னியில் ஒரு பத்திரிகை விளம்பரத்தில் கிழக்கிந்திய பேல் ஏல் என்று அச்சாகியிருக்கிறது. சிட்னியில், கவனியுங்கள், மதராஸில் அல்ல.

கதையின் ருசியான பகுதி அதற்கு முன்னால் நடந்தது. 1820-களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்சன் வாரிசுகளுக்குப் பேராசை வந்தது. கடனை நிறுத்தினார்கள், விலையை ஏற்றினார்கள், தாங்களே கப்பலில் அனுப்பத் தொடங்கினார்கள். கம்பெனிக்காரர்களுக்குக் கோபம். அதே சமயம் பர்ட்டன் என்ற ஊரில் ஆல்சாப் என்ற பீர்க்காரர் ரஷ்யச் சந்தை கைவிட்டுப்போய் உட்கார்ந்திருந்தார். அவரைப் பிடித்து, "ஹாட்ஜ்சன் மாதிரி செய்" என்றார்கள். பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் கசப்பு கூர்மையாக, சுத்தமாக வரும். அசலைவிட நகல் நன்றாக அமைந்துவிட்டது. உங்கள் ஸ்லைடில் இதைப் போடுங்கள். கடன் கொடுக்காமல் வாடிக்கையாளரை இழந்த கதை, கிளையண்டுகளின் நடுவே எடுபடும்.

மயிலாப்பூர், மறுபடியும்: மதராஸுக்கும் அந்தப் பீர் வந்ததா இல்லையா? அதைச் சொல்லாமல் நழுவுகிறீர்கள்.

வந்தது. எப்படி வந்தது என்பதுதான் அழகு. அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் சரக்கை ஏற்றி, அலையில் எகிறிக் குதித்துக் கரை சேர்ப்பார்கள். லண்டனிலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் ஆடி ஆடி வந்த பீப்பாய் கரை சேரும்போது இன்னும் நன்றாகக் குலுங்கியிருக்கும். இதோடு ஐபிஏ போதும். அடுத்த கேள்வி.

இந்திராநகரிலிருந்து: சைட் டிஷ் என்ன வைக்கலாம்? கேட்டரிங்காரர் சில்லி சிக்கன், ஆந்திரா பெப்பர் ஃப்ரை, ஊறுகாய் என்கிறார்.

ஊறுகாயை முதலில் அப்புறப்படுத்துங்கள். அந்தப் புளிப்புக்குப் பிறகு எந்த பீரும் ஒன்றுதான். மிளகாய்க் காரத்தோடு ஐபிஏ சேர்ந்தால் எரிச்சல் இன்னும் ஏறும். வெளிநாட்டு விருந்தாளி சிவந்துபோய் தண்ணீர் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். காரம் வேண்டுமென்றால் ரெட் ஏல் பக்கம் வையுங்கள், மால்ட்டின் இனிப்பு தாங்கும். வறுத்த மீன் கோதுமை பீரோடு. உப்புத் தூக்கலான முறுக்கு ஐபிஏவோடு, உப்பு கசப்பை அடக்கும். ஸ்டவுட்டுக்கு நான் வைப்பது நெய் வழியும் மைசூர்பாக். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். வறுத்த காபிக் கசப்பும் நெய்யும் சேர்ந்த பிறகு தட்டு காலி.

இரண்டு பீருக்கு நடுவில் நாக்கைக் கழுவ வெறும் தண்ணீரும் மசாலா போடாத பொரியும். பிஸ்கட் வேண்டாம், இனிப்பு நிற்கும்.

சென்னையிலிருந்து: இதெல்லாம் இங்கே எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். அங்கே என்ன இருக்கிறதோ அதுதான். நட்சத்திர ஹோட்டல் பார் மேனேஜர் ஒருவரைப் பிடியுங்கள். என் சரக்கறிவு பெங்களூரோடு சரி.

மாரத்தஹள்ளியிலிருந்து: ஆஃபரில் இரண்டு கேஸ் ஐபிஏ பாதி விலைக்குக் கிடைத்தது. தயாரிப்புத் தேதி எட்டு மாதம் முன்னால். பரவாயில்லையா?

பாதி விலைக்கு ஏன் கொடுத்தார்கள் என்று யோசித்தீர்களா? ஐபிஏவில் முதலில் போவது ஹாப்ஸ் வாசனை. மூன்று மாதத்துக்குள் குடிக்க வேண்டிய பொருள், அதுவும் குளிரில் இருந்தால். நம் ஊர் கோடவுன் வெயிலில் எட்டு மாதம் என்றால் நனைந்த அட்டைப்பெட்டி வாடைதான் மிஞ்சும். ஒன்றைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பச்சை பாட்டில் வெளிச்சத்தில் இருந்திருந்தால் ரப்பர் கருகிய மாதிரி இன்னொரு வாடையும் சேரும். லேபிளில் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள். இனி யார் கேட்டாலும் இதே பதில்தான்.

ஹெப்பாலிலிருந்து: ஒரு இடத்தில் ருசி பார்த்த பீரில் வெண்ணெய் வாசனை வந்தது. அதுதான் அவர்கள் ஸ்பெஷல் என்றார்கள்.

ஸ்பெஷல் இல்லை. டயசெட்டில், பீர் புளிக்கும்போது உண்டாகும் ஒரு பொருள். பீரை ஈஸ்டோடு இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஈஸ்ட்டே அதைத் தின்றிருக்கும், அவசரப்பட்டிருக்கிறார்கள். டேப் பைப்பைக் கழுவாவிட்டாலும் வரும். வேக வைத்த மக்காச்சோள வாசனை, வினிகர்ப் புளிப்பு இவையும் அதே கணக்கு. வேறு இடம் பாருங்கள்.

சர்ஜாபூர் ரோடிலிருந்து: முக்கியமான கிளையண்ட் குடிக்க மாட்டார். அவரை அழைக்காமல் விடலாமா?

அழையுங்கள், முதல் ஆளாக. அவருக்கும் ஐந்து கிளாஸ், அதே வரிசையில்: ஆல்கஹால் இல்லாத பீர், கொம்புச்சா (புளிக்கவைத்த டீ), இஞ்சி சோடா, ஏலக்காய் போட்ட எலுமிச்சை சோடா, கடைசியில் குளிர்ந்த டிகாஷன். ஆரஞ்சு ஜூஸைக் கையில் கொடுத்து ஓரத்தில் உட்கார வைப்பதுதான் அவமானம். ஏன் குடிப்பதில்லை என்று யாரும் கேட்கக் கூடாது, உங்கள் டீமுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். துப்புவதற்கு ஒரு கப்பும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெல்லந்தூரிலிருந்து: ஸ்ட்ராங் பீர் எது நல்லது?

மேலே பாருங்கள்.

ஆர்.டி. நகரிலிருந்து: அக்டோபர் 1 இரவு வைக்கிறோம். நள்ளிரவு தாண்டினால்?

அக்டோபர் 2 மதுவிலக்கு நாள். பத்தரைக்கு முடியுங்கள்.

பனசங்கரியிலிருந்து: ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், இந்தியாவில் பெஸ்ட் கிராஃப்ட் பீர் பிராண்ட் எது?

இந்தக் கேள்வி இன்று நான்காவது முறை, மற்ற மூன்றையும் மேலே போடவில்லை. புதிதாகக் காய்ச்சியது, சுத்தமான கிளாஸில் ஊற்றியது. பிராண்ட் கேட்டால் இதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.

ஒயிட்ஃபீல்ட், முதலில் கேட்டவர்: 450 மி.லி.தானே, நானே காரில் அவர்களை ஹோட்டலில் விட்டுவிடலாமா?

கூடாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. என்பது சட்டத்தின் வரம்பு. அந்த ஐந்து குட்டி கிளாஸே பலரை அதைத் தாண்ட வைக்கும். வேன் ஒன்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பில்லில் பீரோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வேன் வர அரை மணி தாமதமானால் மீதி மைசூர்பாக் இருக்கும்.