அடுப்புல வெடிச்ச விளக்கு, சூளையில மட்டும் ஏன் வெடிக்கல?

கேள்வி: அண்ணே, விளாச்சேரியில களிமண் வாங்கிட்டு வந்து நானும் மகளும் அகல் விளக்கு செஞ்சோம். நாலு நாள் வெயில்ல காயவச்சும் ஒண்ணு தண்ணியில கரைஞ்சு போச்சு, இன்னொண்ண கேஸ் அடுப்புல வச்சா பட்டுன்னு வெடிச்சிருச்சு. சூளையில அப்படி என்னதான் நடக்குது? - வாசகி, பசுமலை

பதில்: தங்கச்சி, மண்ணுக்குள்ள ரெண்டு தண்ணி இருக்கு. ஒண்ணு நீங்க பிசையும்போது ஊத்துனது. மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் நடுவுல ஈரம் நிக்கும், அத திடீர்னு சூடாக்குனா 100 டிகிரியத் தாண்டுனதும் ஆவியாகி, வெளிய வர வழியில்லாம மண்ணப் பொளந்துக்கிட்டு வருது. அதனாலதான் சூளையில எடுத்த எடுப்புல தீய ஏத்த மாட்டாங்க, வைக்கோலும் வரட்டியும் மெதுவாப் புகைஞ்சு ஈரம் பூரா போகட்டும்னு பொறுமையா இருப்பாங்க.

ரெண்டாவது தண்ணி வெயிலுக்கு அசையாது. அது களிமண் துகளுக்குள்ளயே கட்டுண்டு கெடக்கு, சுத்தமான வெள்ளைக் களிமண்ணுன்னா எடையில 100க்கு 14 பங்கு அதுதான். 450லருந்து 600 டிகிரிக்குள்ள அதுவும் வெளியேறிரும், அப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்துனாலும் அது திரும்பக் களிமண்ணாகாது. சுட்ட மண்ணும் பச்ச மண்ணும் ஒட்டாதுன்னு நம்மூர்ல சொல்றது அப்படியே நிஜம்.

இன்னும் சூடேறி 900 டிகிரி பக்கம் வந்தா துகளெல்லாம் ஓரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும், மண்ணுல இருக்க இரும்பு காத்தோட சேந்து செவந்துரும். பானை வாங்கும்போது விரல மடக்கித் தட்டிப் பாருங்க, சரியா வெந்தது டங்குன்னு கேக்கும், வேகாததும் விரிசல் விட்டதும் பொத்துன்னு கேக்கும். மானாமதுரை கடத்துக்கு அந்த நாதம் வர்றதுல சூளைக்குப் பெரிய பங்கு இருக்கு. பீங்கானுக்கு 1200 டிகிரிக்கு மேல வேணும், அங்க மண்ணுல ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, துகளுக்கு நடுவுல இருக்க பொடிப்பொடி ஓட்டைய அடைச்சிரும். நம்ம பானையில அந்த ஓட்டை அடைபடாம இருக்கதுனாலதான் தண்ணி கசிஞ்சு ஜில்லுன்னு இருக்கு.

கீழடிக்குப் போனா கறுப்பு சிவப்புப் பானைய நின்னு பாருங்க. ஒரே மண்ணுதான். கவுத்து வச்சுச் சுட்டதுல உள்ள காத்து போகாம புகை ஏறிக் கறுத்திருக்கு, காத்துப் பட்ட வெளிப்பக்கம் செவந்திருக்கு. 2000 வருஷத்துக்கு முன்னாடியே காத்த அடைச்சும் விட்டும் நெறத்த வாங்கியிருக்காங்க, எனக்கு எத்தன தடவ பாத்தாலும் மலைப்பா இருக்கு.

அடுத்த விளக்க ஒரு வாரம் நெழல்ல காயவச்சு விளாச்சேரியிலயே சூளை போடுறவங்ககிட்ட குடுங்க, அவங்க பானையோட சேத்துச் சுட்டுத் தரமுடியுமான்னு கேளுங்க. கேஸ் அடுப்புல மறுபடி வைக்காதீங்க, தெறிக்கிற ஓடு பிள்ளை கண்ணுல பட்டுரும்.