பங்குனியில் விழுந்த ஆலங்கட்டியும் மாந்தோப்புக் குத்தகையும்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். பாலமேடு பக்கம் மூன்று ஏக்கர் மாந்தோப்பை இந்த வருஷக் காய்ப்புக்கு மட்டும் 2,40,000 ரூபாய்க்குக் குத்தகை எடுத்தேன். 110 மரம், கல்லாமையும் செந்தூரமும். தை மாதம் பூவில் பேசி 1,50,000 கொடுத்துவிட்டேன். மீதி 90,000 காய் பறிக்கும்போது தர வேண்டும். பங்குனிக் கடைசியில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், காற்றோடு ஆலங்கட்டி மழை. பத்து நிமிஷம்தான். ஏழு மரம் வேரோடு சாய்ந்தது, இருபது மரத்துக்குக் கொப்பு பிளந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு காய் போச்சு. தோப்புக்காரர் மீதிப் பணத்தையும் கேட்கிறார், சாய்ந்த மரத்துக்கு நஷ்டமும் கேட்கிறார். மரத்தை மட்டும் சாமில்லுக்கு விற்றுவிட்டார். பத்திரத்தில் ‘காற்று, மழை, வறட்சியால் காய் குறைந்தாலும் குத்தகை குறையாது’ என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துப் போட்ட வெற்று செக் ஒன்றும் அவரிடம் இருக்கிறது. வீட்டுக்காரர் இறந்த பிறகு நானே எடுத்துச் செய்யும் முதல் குத்தகை இது. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சாணிக்கூடையில் அள்ளி வைத்த ஆலங்கட்டி, பக்கத்தில் அளவுக்கு ஒரு ஐந்து ரூபாய் நாணயம். அந்த நேரத்துப் பதற்றத்திலும் அந்த நாணயத்தை வைக்கத் தோன்றியதே, அது உங்கள் வழக்குக்கு நீங்கள் செய்த பெரிய உதவி. ஆலங்கட்டி ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். கரைந்த பிறகு, ‘அப்படி என்ன பெரிய மழை, எங்கள் தெருவில் ஒரு தூறல்கூட இல்லையே’ என்று பக்கத்து ஊர்க்காரரே சொல்வார். கோடை இடிமழையின் குணம் அது. ஒரு தோப்பை அடித்துவிட்டு அடுத்த தோப்பைத் தொடாமல் போகும். மழைமானி இருக்கும் இடத்தில் பெய்யாவிட்டால் வானிலைக் கணக்கிலும் வராது. அதனால் படம் எடுத்த போனை விற்காதீர்கள், படங்களை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் காட்டும்போது 2023-ம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். அதை நாங்கள் தயார் செய்துகொள்வோம்.

முதலில், உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் மரநஷ்டப் பேச்சு. அதற்கு நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. உங்கள் பத்திரத்தைக் குத்தகை என்றே வைத்துக்கொண்டாலும், 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 108-ம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: குத்தகைதாரர் சொத்தை வாங்கிய நிலையில் திருப்பித் தர வேண்டும், ஆனால் இயல்பான தேய்மானமும் மனித சக்தியால் தடுக்க முடியாத ஒன்றால் வந்த மாற்றமும் அதில் சேராது. வேரோடு சாய்க்கும் காற்றை நீங்கள் எப்படித் தடுத்திருக்க முடியும்? தண்ணீர் பாய்ச்சாமல் காயவிட்டீர்கள், வேரை வெட்டினீர்கள் என்று அவர் நிரூபித்தால்தான் பேச்சே. சாய்ந்த மரம் அவருடையதுதான், அதை விற்றது தப்பில்லை. ஆனால் அந்த மரத்தில் தொங்கிய காய் உங்களுடையது. கொப்போடு சேர்த்து லாரியில் ஏற்றியிருந்தால் அந்தக் காயின் மதிப்பைக் கணக்கில் கழிக்கக் கேளுங்கள்.

இனி 90,000 ரூபாய். இங்கேதான் நான் உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கிறது.

நம் பக்கம் ‘காய்க் குத்தகை’ என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். சட்டம் அப்படி விடாது, இது நிலக் குத்தகையா, காய் விற்பனையா என்று முதலில் கேட்கும். நீங்கள் உழவில்லை, நிலத்தை அனுபவிக்கவில்லை. பூவில் பேசி, மருந்தடித்து, காவல் வைத்து, காயைப் பறித்துக்கொண்டு போகிறீர்கள். பறித்த அன்றோடு உங்களுக்கும் தோப்புக்கும் உறவு முடிகிறது. என் பார்வையில் இது விற்பனைக்கு நெருக்கமானது. 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டம்கூட மரத்தில் இருக்கும் பழத்தை அசையும் சொத்து என்றுதான் சொல்கிறது. விற்பனை என்றால் 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் வரும். அந்தச் சட்டத்தில், பொருளின் உடைமை யாரிடம் இருக்கிறதோ நஷ்டமும் அவரைச் சேரும். அது 26-ம் பிரிவு. தை மாதம் நீங்கள் பேசியபோது காயே இல்லை, பூதான் இருந்தது. இல்லாத பொருளின் உடைமை உங்களுக்கு எப்படி வந்திருக்கும்? பறிக்கும்வரை காய் தோப்புக்காரருடையது, நஷ்டமும் அவருடையது என்று வாதாட முடியும். நல்ல வாதம்.

ஆனால் அதே 26-ம் பிரிவு ‘வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. நீங்கள் வேறு விதமாக எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

எதிர்த்தரப்பு இதைக் குத்தகை என்றுதான் சொல்லும். அப்போது, ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமல் போனால் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 56-ம் பிரிவு உங்களுக்கு உதவாது. நில மாற்றம் ஒருமுறை நடந்து முடிந்த குத்தகைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே ராஜா துருவ் தேவ் சந்த் வழக்கில் சொல்லிவிட்டது. புயலால் சொத்தின் முக்கியப் பகுதி அழிந்தால் குத்தகையைக் குத்தகைதாரர் முறித்துக்கொள்ளலாம் என்று 108-ம் பிரிவில் இன்னொரு வழி இருக்கிறது. அதில் ‘நிரந்தரமாக’ என்ற சொல் கிடக்கிறது. அடுத்த வருஷம் மரம் காய்க்குமே என்பார்கள். ஒரு காய்ப்புக்கு மட்டும் எடுத்தவருக்கு அந்தக் காய்ப்பு போனாலே நிரந்தரம்தான் என்று நான் சொல்வேன். நீதிபதி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். ‘காற்று, மழை, வறட்சியால் காய் குறைந்தாலும்.’ ஆலங்கட்டி என்று எழுதவில்லையே என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்பி நான் நீதிமன்றத்தில் நிற்கமாட்டேன், ஆலங்கட்டியும் மழைதான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடி கிடைப்பது ‘குறைந்தாலும்’ என்ற சொல்லில். பிஞ்சு கொட்டுவது, காய் சிறுத்துப் போவது, நூறு மூட்டை வரவேண்டிய இடத்தில் எண்பது வருவது, இதெல்லாம் குறைவு. எந்தக் குத்தகைதாரரும் அதை மனதில் வைத்துத்தான் விலை பேசுவார். ஏழு மரம் வேரோடு போய், மூன்றில் இரண்டு பங்கு காய் ஒரே சாயங்காலத்தில் மண்ணுக்குப் போவது குறைவு அல்ல, அழிவு. குறைந்தபட்சம் சாய்ந்த ஏழு மரத்துக் காய்க்கும், கொப்பு பிளந்த இருபது மரத்துக்கும் இந்த வரி பொருந்தாது என்று உறுதியாக வாதாடலாம். குத்தகையே மொத்தமாக ரத்து, கொடுத்த 1,50,000-மும் திரும்ப வரும் என்று யாராவது உங்களுக்கு நம்பிக்கை கொடுத்தால் அதைக் கேட்டு நீதிமன்றக் கட்டணம் கட்டாதீர்கள்.

செக் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். வெற்றுச் செக்காகக் கொடுத்திருந்தாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டமாகச் சொல்லியிருக்கிறது. அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. வங்கியில் சொல்லி நிறுத்திவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், நிறுத்திவைத்த செக்குக்கும் வழக்கு வரும். அதனால் அவர் செக்கை வங்கியில் போடுவதற்கு முன்னால், இந்த வாரமே, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள்: இன்ன தேதியில் ஆலங்கட்டி விழுந்தது, இவ்வளவு காய் அழிந்தது, மீதித் தொகை எவ்வளவு என்பது இன்னும் தீராத கணக்கு, செக் பாதுகாப்புக்கு மட்டும் கொடுத்தது. ஒருவேளை செக் திரும்பிவிட்டால், 30 நாளுக்குள் அவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டலாம், இல்லையென்றால் பதிலாவது கொடுத்தே ஆக வேண்டும். தபால்காரர் கொண்டுவரும் கவரை வாங்காமல் திருப்பி அனுப்புவது நம் ஊரில் பலர் செய்யும் தவறு. திருப்பி அனுப்பினாலும் வந்து சேர்ந்ததாகவே கணக்கு.

உதிர்ந்த காயைத் தொடாமல் சாட்சிக்கு வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைச் செய்யாதீர்கள் அம்மா. ஆலங்கட்டி பட்ட காயில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குழி இருக்கும், அதிலிருந்து பால் வடிந்து காய்ந்திருக்கும். மூன்றாம் நாள் அந்த இடம் கறுத்து, உள்ளே அழுக ஆரம்பித்துவிடும். நஷ்டத்தைக் குறைக்க ஒருவர் தன்னால் முடிந்ததைச் செய்தாரா என்று ஒப்பந்தச் சட்டம் 73-ம் பிரிவு பார்க்கச் சொல்கிறது. பத்துக் காயைக் குழியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் தேறுவதை ஊறுகாய்க் காயாக மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் போடுங்கள். என்ன விலைக்குப் போனாலும் சரி, மண்டிச் சிட்டையை வாங்கி வையுங்கள். நல்ல காய் விற்கும் விலைக்கும் இந்தச் சிட்டைக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் நஷ்டத்துக்குக் கணக்கு. என் அப்பா புளியமரக் குத்தகை எடுத்துப் பிழைத்தவர், சிட்டைகளை ஊசியில் கோத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பார். ஒரு சண்டையில் அந்த ஊசிதான் அவரைக் காப்பாற்றியது.

அப்புறம் நிவாரணம். மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய அரசு வகுத்த பட்டியலில் புயல், வறட்சி, வெள்ளத்தோடு ஆலங்கட்டி மழை தனிப் பெயராகவே இருக்கிறது. சாதாரண சூறைக்காற்றுக்கு அந்த இடம் இல்லை. அதனால் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அறிக்கையில் ‘காற்றில் காய் உதிர்வு’ என்று இருப்பதும் ‘ஆலங்கட்டி மழையால் சேதம்’ என்று இருப்பதும் ஒன்றல்ல. முன்னது பாதியில் நின்றுவிடக்கூடும். படத்தை அவரிடம் காட்டி, தோட்டக்கலைத் துறை உதவி அலுவலரையும் வைத்துக்கொண்டு ஆலங்கட்டி என்ற சொல்லையே எழுத வையுங்கள். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால், 2022-26 காலத்துக்கான விதிமுறையில் மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய் என்று இருந்தது, இரண்டு ஹெக்டேர் வரை. அந்தக் கணக்கில் உங்கள் மூன்று ஏக்கருக்கு 27,000 ரூபாய் சொச்சம் வரும். மனுவின் ஒரு நகலை வாடிப்பட்டி தாசில்தாருக்கும், ஒன்றைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். பயிர்க் காப்பீடு கட்டியிருந்தால் 72 மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கட்டியதாக எழுதவில்லை.

இந்த நிவாரணப் பணம் பெரும்பாலும் பட்டாதாரர் பெயருக்குத்தான் போகும். இதைக் கேட்டு மனம் நொந்துபோக வேண்டாம், உங்களுக்குப் பேரம் பேச இதைவிட நல்ல பிடி கிடைக்காது. காய் அழிந்ததற்காக வரும் பணம் அது. காயை வாங்கியவர் நீங்கள். ‘நஷ்டம் என்னுடையது என்றால் நிவாரணமும் என் கணக்கில் கழிய வேண்டும். நிவாரணம் உங்களுடையது என்றால் நஷ்டத்திலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது’ என்று நேராகக் கேளுங்கள். நியாயம் தெரிந்த எந்த மனிதருக்கும் இதற்குப் பதில் சொல்வது கடினம்.

என் யோசனை, வழக்குக்கு முன் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், உங்களுக்கு வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தோப்புக்காரரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மீதி 90,000-ல் 30,000 ரூபாயில் முடிந்தால், செக்கும் கைக்கு வந்தால், நான் உங்களை ஒத்துக்கொள்ளச் சொல்வேன். தோப்புக்காரருக்கும் ஏழு மரம் போயிருக்கிறது. மா மரம் ஒன்று அந்த அளவுக்கு வளர எத்தனை வருஷம் என்பது உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள், அவர் கோபத்தில் பாதி இறங்கும். காசைக் கொடுக்கும் அன்றே செக்கை வாங்கிக் கிழித்துவிடுங்கள், ‘கணக்குத் தீர்ந்தது’ என்று பத்திரத்தின் பின்புறமே எழுதி வாங்குங்கள்.

கடிதத்தின் கடைசியில், வரப்போரம் ஒரு மரம் பாதை மேல் சாய்ந்தபடி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை உடனே தோப்புக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிந்த பிறகும் விட்டுவைத்து அது யார் தலையிலாவது விழுந்தால், இயற்கைச் சீற்றம் என்று யாரும் தப்ப முடியாது. அவர் அசையாவிட்டால், விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்ற உத்தரவிடும்படி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அதற்குள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த வழியில் நடக்காதபடி இரண்டு பக்கமும் முள்ளை வெட்டிப் போடுங்கள்.

அடுத்த தையில் மறுபடி குத்தகை பேசுவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது பத்திரத்தில் இந்த வரியைச் சேருங்கள்: ‘ஆலங்கட்டி, சூறைக்காற்று, தீ ஆகியவற்றால் காயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தால், இருதரப்பும் ஒப்புக்கொண்ட இரண்டு பேர் முன்னிலையில் மரத்தில் நிற்கும் காயை மதிப்பிட்டு, அழிந்த பங்குக்கு ஏற்பக் குத்தகைத் தொகையைக் குறைத்துக்கொள்வோம்.’ கையெழுத்துக்கு முன் தோப்புக்காரரையே இதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். செக் கேட்டால் தொகையும் தேதியும் எழுதிக் கொடுங்கள், நகல் எடுத்த பிறகு.