கிறிஸ்டி ரிங்கின் லாரியும் எட்டுப் பதக்கங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மட்டையால் பந்தடித்து ஆடும் அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் கிறிஸ்டி ரிங்கின் பெயரைக் கண்டு, அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு நாடே கொண்டாடிய ஆட்டக்காரர் எண்ணெய் லாரி ஓட்டித்தான் பிழைத்தார் என்பது வருத்தமளித்தது. இது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி அல்லவா? பிற்கால ஆட்டக்காரரான ஹென்றி ஷெஃப்லின் பத்து அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வென்ற பிறகும், எட்டு வென்ற ரிங்கையே பலர் முதலிடத்தில் வைப்பது ஏன்? வெறும் பழம்பெருமையா? அவர் ஆடியதை இன்று பார்க்க வழியுண்டா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆயினும் அநீதி என்ற சொல் இங்கே பொருந்தாது என்பதே என் எண்ணம். 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கப்பட்டு ஹர்லிங்கை நடத்திவரும் கேலிக் அத்லெட்டிக் சங்கத்தின் ஆட்டங்களில் யாருக்கும் ஊதியம் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னிலையில் ஞாயிறன்று ஆடியவர் திங்களன்று வேலைக்குப் போவார். ஆட்டக்காரரை விலைக்கு வாங்கும் வழக்கமும் இல்லாததால், பிறந்த அல்லது வாழும் ஊருக்காகவே ஒருவர் ஆடுகிறார். 1920இல் கார்க் கவுண்டியின் (மாவட்டத்தின்) கிளாய்ன் ஊரை ஒட்டிப் பிறந்து, கார்க் நகருக்குக் குடிபெயர்ந்து, 1941 முதல் அங்குள்ள கிளென் ரோவர்ஸ் சங்கத்துக்கு ஆடிய ரிங்கை, எண்ணெய் கொண்டுவரும் லாரியில் பார்த்தவர்கள்தான் மைதானத்திலும் பார்த்தார்கள். அவர் மேல் அம்மக்கள் கொண்ட உரிமைக்கு வேர் இதில்தான் இருக்கிறது. அதைப் பறித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்திருந்தால் அவருக்கு நன்மை செய்திருப்போம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பதக்கக் கணக்குக்கு வருகிறேன். ஷெஃப்லின் மாபெரும் ஆட்டக்காரர். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரு காலங்களின் போட்டி முறையும் வேறு. 1997க்கு முன் ஹர்லிங்கில் ஒரே ஒரு தோல்வியோடு ஓர் அணியின் ஆண்டு முடிந்துவிடும். அதிலும் ரிங்கின் கவுண்டி அணியான கார்க், மன்ஸ்டர் மாகாணத்தில் அண்டைக் கவுண்டியான டிப்பரரியைத் தாண்டியாக வேண்டும். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் அயர்லாந்துப் பட்டத்தை டிப்பரரியே வென்றது என்றால், ரிங் தன் உச்சத்தில் எத்தனை பருவங்களை இழந்தார் என்பது விளங்கும். 1941 முதல் 1944 வரை தொடர்ந்து நான்கும் 1946இல் ஒன்றும் வென்றவர், ஆறாவதற்கு 1952 வரை காத்திருந்தார். பிறகு 1953, 1954. அவற்றில் மூன்று பட்டங்களை அணித்தலைவராக வென்றார். மாகாணங்களுக்கு இடையிலான ரயில்வே கோப்பையில் மன்ஸ்டருக்காக அவர் பெற்ற பதக்கங்கள் மட்டும் 18.

இந்த எண்களைவிட என்னை ஈர்ப்பவை வேறு. 1946 இறுதியாட்டத்தில் கில்கென்னிக்கு எதிராக, நடுக்களத்திலிருந்து பந்தை மட்டையின் முனையில் ஏந்தியபடியே எதிராளிகளைக் கடந்து ஓடி அவர் அடித்த கோலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். தலைக்கவசமில்லாத காலம் அது. சாம்பல்மர மட்டைகள் முகத்தருகே வீசப்படும் நெரிசலில், கெட்டித் தோல்பந்தை விழாமல் கொண்டு ஓடுவதற்கு வேண்டிய மணிக்கட்டையும் மனத்தையும் அவர் ஓயாத பயிற்சியால் ஈட்டினார். மதுவையும் புகையையும் அவர் தொட்டதில்லை.

1956 இறுதியாட்டம் இன்னும் அரியது. வென்றிருந்தால் ரிங்குக்கு ஒன்பதாவது பதக்கம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, வெக்ஸ்ஃபோர்ட் மிகச் சிறிய வித்தியாசத்தில் முன்னணியில் இருந்தது. ரிங் கோலை நோக்கி அடித்த பந்தை வெக்ஸ்ஃபோர்டின் கோல்காவலர் ஆர்ட் ஃபோலி தடுத்து, வெளியே அடித்தனுப்பினார். அந்தப் பந்தே மறுமுனைக்குப் போய் வெக்ஸ்ஃபோர்டின் கோலாக முடிந்தது. தன் கனவைத் தடுத்த அந்த மனிதரிடம் ஆட்டத்தின் நடுவிலேயே போய் ரிங் கைகுலுக்கினார். ஆட்டம் முடிந்ததும் நிக் ஓ’டானலும் பாபி ராக்கர்டும், வென்ற அணியினர், தோற்ற ரிங்கைத் தோளில் தூக்கிச் சென்றார்கள்.

அவரைத் துறவியாக்கவும் வேண்டாம். 1953 இறுதியாட்டத்தில் கால்வே அணித்தலைவர் காயம்பட்டதற்கு ரிங்கே காரணம் என்று கால்வே தரப்பு உறுதியாக நம்பியது. அந்தக் கசப்பு மைதானத்துக்கு வெளியேயும் தொடர்ந்தது. விட்டுக்கொடுக்காத கடுமையும் அவருடைய ஆட்டத்தில் இருந்தது.

பழம்பெருமை என்ற உங்கள் ஐயத்துக்கு அவரே விடை சொல்லியிருக்கிறார்: சிறந்த ஆட்டக்காரர்கள் கடந்த காலத்தோடு போய்விட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம், அவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், இன்னும் சிறந்தவர்கள் வருவார்கள் என்பது அவர் கருத்து. 1976 முதல் 1978 வரை கார்க் தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்றபோது அணித்தேர்வாளர்களில் ஒருவராக இருந்து, அந்தக் கருத்துக்கு உழைக்கவும் செய்தார். அடுத்த மார்ச்சில், 58 வயதில், கார்க் நகரத் தெருவில் நெஞ்சடைத்து விழுந்து இறந்தார். கல்லறையில் உரையாற்றிய பிரதமர் ஜாக் லிஞ்ச், 1940களில் அவரோடு அதே அணியில் ஆடியவர்.

அயர்லாந்தில் தொலைக்காட்சி 1961இன் கடைசி நாளில்தான் தொடங்கியது. ஆகவே ரிங்கை நாடு பெரும்பாலும் வானொலி வழியாகவே அறிந்தது. எஞ்சிய படச்சுருள்கள் குறைவு. 1964இல் ஐரிஷ் மொழியை வளர்க்கும் கேல் லின் அமைப்பு அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் ஆட்டத்தின் நுட்பங்களை அவரே செய்துகாட்டுகிறார். அதிலிருந்து தொடங்குங்கள், பிறகு 1956 இறுதியாட்டத்தின் துண்டுக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள்.