கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் பச்சைப் புழு எந்தப் பட்டாம்பூச்சியாக மாறும்? இந்த வகைகளை எப்படி அடையாளம் காண்பது?

தொட்டியில் வைத்த கறிவேப்பிலையில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பச்சைப் புழு, தலைப் பக்கம் இரண்டு கண் மாதிரி புள்ளி, தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் கொம்பு நீட்டுகிறது, கூடவே ஒரு வாடை, மருந்தடிக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: மருந்து அடிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அந்தக் கொம்பு ஒன்றே போதும், அது அழகிகள் (ஆங்கிலத்தில் ஸ்வாலோடெயில்) எனப்படும் பட்டாம்பூச்சிக் குடும்பத்துப் புழுதான். கறிவேப்பிலையில் இருப்பதால் அநேகமாகக் கறிவேப்பிலை அழகி, அதாவது காமன் மார்மன். இல்லாவிட்டால் எலுமிச்சை அழகி. இந்த இரண்டில் எது என்பதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

மொட்டைமாடியில் இந்தச் செடிகளைப் பட்டாம்பூச்சிகளுக்காகவே வளர்ப்பவன் நான். புழுவின் நிறத்தைச் சொல்லிப் பெயர் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தச் செடியில் இருந்தது? அழகிகளின் புழுக்கள் கண்ட இலையைத் தின்பதில்லை. தாய்ப் பட்டாம்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்த்து, அதன் வேதிப்பொருளை உணர்ந்து, சரியான செடிதான் என்று உறுதியான பிறகே முட்டை வைக்கும். அதனால் செடி தெரிந்தால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும். நிறம் புழுவின் வயதுக்கேற்ப மாறும், ஒரே வயதில்கூடப் புழுவுக்குப் புழு மாறும்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இவற்றில் இருந்தால் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி. மலையடிவாரத்திலோ மரம் அடர்ந்த தோட்டத்திலோ பம்பளிமாஸ், காட்டு எலுமிச்சை போன்றவற்றில் பெரிய புழுவாகத் தெரிந்தால் ப்ளூ மார்மனாகவும் இருக்கலாம். வறண்ட காட்டில் பொரசு மரத்தில் இருந்தால் பச்சைப் பட்டை மின்னும் காமன் பேண்டட் பீகாக் நினைவுக்கு வர வேண்டும். இலங்கையில் இதே மரத்தைத்தான் முதிரை என்கிறார்கள். தெருவோரம் உயரமாக நிற்கும் நெட்டிலிங்கம், வீட்டுச் சீத்தா, செண்பகம் இவற்றில் என்றால் டெய்ல்டு ஜே. இலவங்கப்பட்டை மரத்தின் இலையில் என்றால் காமன் மைம் அல்லது ப்ளூபாட்டில். ஈஸ்வரமூலிக் கொடியிலோ வயலோரத்து ஆடுதீண்டாப்பாளையிலோ என்றால் அது ரோஸ் வகை. இந்த ஒரு பத்தியை மனதில் வைத்துக்கொண்டாலே நம் ஊர்ப் பக்கம் கண்ணில் படும் பெரும்பாலான அழகிகளைச் சமாளித்துவிடலாம்.

சரி, புழுவுக்கு வருவோம். கறிவேப்பிலைக் கொழுந்தை நன்றாகப் பாருங்கள். கடுகளவில், வெளிர்மஞ்சள் உருண்டையாக ஒற்றை முட்டை இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரித்து வெளிவரும் புழு பச்சையாக இருக்காது. பழுப்பும் கருப்புமாக, நடுவில் வெள்ளைத் திட்டோடு, ஈரமான பறவை எச்சம் போலவே இருக்கும். இலையின் மேல்புறத்தில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும், ஆனாலும் பறவை சீந்தாது. இப்படியே மூன்று முறை தோல் உரித்து வளரும். நான்காவது முறை உரித்த பிறகுதான் பச்சை நிறம், சாய்வான பட்டைகள், அந்தக் கண்கள் எல்லாம் வரும். அதனால் ஒரே செடியில் எச்சம் மாதிரி ஒன்றும் பச்சையாக ஒன்றும் இருந்தால் இரண்டு வகை என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் தம்பியாகவே இருக்கலாம்.

அந்தக் கண்கள் கண்களே இல்லை. அவை மார்புப் பகுதியின் மேல் இருக்கும் வெறும் புள்ளிகள். உண்மையான தலை சின்னது, முன்னால் கீழே மடங்கியிருக்கும். தலைக்குச் சற்றுப் பின்னாலிருந்துதான் கவை போலப் பிரிந்த அந்த மென்மையான கொம்பு வெளியே வரும். சும்மா இருக்கும்போது உள்ளே மடங்கியிருக்கும், பயந்தால் உடல் திரவத்தின் அழுத்தத்தில் வெளியே பிதுங்கும். ஆஸ்மிடீரியம் என்பது அதன் பெயர். அழகிகள் குடும்பத்துப் புழுக்களுக்கு மட்டுமே உரிய உறுப்பு இது. கடைசிப் பருவத்தில் அதிலிருந்து வருவது ஐசோபியூட்ரிக் அமிலம் போன்றவை, அதனால்தான் அந்தக் கெட்டுப்போன வாடை. எறும்பு மாதிரி சின்ன எதிரிகளை விரட்ட அது நன்றாகவே உதவும். நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது. அரிப்பும் வராது. அரிப்பு தருவது முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்குமே, அந்த முடியுள்ள கம்பளிப்பூச்சி. அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையில் இருப்பது மொழுமொழுவென்றுதான் இருக்கும். குழந்தைகளுக்குத் தைரியமாகக் காட்டலாம்.

இங்கே குழப்பக்கூடிய ஒரு ஆள் உண்டு. நந்தியாவட்டையிலும் அரளியிலும் பெரிய பச்சைப் புழு இருக்கும், அதற்கும் முன்பக்கம் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண்கள். பலர் அதையும் இதே வகை என்று படம் போடுகிறார்கள். அது ஹாக் மாத் எனப்படும் அந்துப்பூச்சியின் புழு. வால் பக்கம் பாருங்கள், எப்போதும் வெளியே தெரியும்படி ஒரு சின்னக் கொம்பு நிற்கும். அழகிகளின் கொம்பு தலைப் பக்கம், சீண்டினால் மட்டுமே வரும். செடியும் ஒத்துப்போகாது. நந்தியாவட்டையில் அழகிகள் முட்டை வைப்பதே இல்லை.

ரோஸ் வகைப் புழுக்கள் இவற்றோடு சேராத தனி அழகு. ஈஸ்வரமூலிக் கொடி வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த யோகம். கருஞ்சிவப்பு வெல்வெட் உடம்பு, மேலெல்லாம் சதைப்பற்றான சிவப்பு முட்கள். குத்தாது, தொட்டால் மெத்தென்றிருக்கும். உடம்பின் நடுவில் வெள்ளைப் பட்டை குறுக்கே ஓடினால் காமன் ரோஸ். வெள்ளையே இல்லாமல் ஒரே கருமையாக, ஆரஞ்சுச் சிவப்பு முட்களோடு இருந்தால் கிரிம்சன் ரோஸ், தமிழில் சிவப்புடல் அழகி. இதே கொடியை மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் வளர்த்தால் சதர்ன் பேர்ட்விங்கும் வரலாம். அதன் புழு இன்னும் பெரியது, பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெளிர்ப் பட்டை இருக்கும். இறக்கை விரித்தால் 14 முதல் 19 சென்டிமீட்டர் வரை வரும் பட்டாம்பூச்சி அது, கருப்பும் பொன்மஞ்சளுமாக.

இந்தக் கொடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நச்சு உண்டு. புழு இலையோடு அதையும் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சி ஆன பிறகும் நச்சு உடம்பில் இருக்கும். ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுபடி தொடாது. அதனால்தான் ரோஸ் வகைகள் அவசரமே இல்லாமல் மிதந்து பறக்கின்றன. ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் போனால் சிவப்புடல் அழகியைக் கூட்டமாகப் பார்க்கலாம், கடல் தாண்டி இலங்கைப் பக்கம் பறக்கும் வலு உள்ளது அது.

டெய்ல்டு ஜே புழுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முன்பக்கம் தடித்து, வால் பக்கம் ஒடுங்கி, மார்பில் சிறு முட்களோடு இருக்கும். காமன் மைம் புழு கருமையில் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளி வைத்தது, அதன் கூட்டுப்புழு ஒடிந்த குச்சித் துண்டு என்றே நம்ப வைக்கும்.

இனிப் பட்டாம்பூச்சிகள். அழகிகளுக்குப் பின்னிறக்கையில் வால் இருக்க வேண்டும் என்று நினைத்தால் பாதியைத் தவறவிடுவீர்கள். எலுமிச்சை அழகிக்கு வால் இல்லை, ப்ளூ மார்மனுக்கும் பேர்ட்விங்குக்கும் இல்லை. வாலைவிட நல்ல அடையாளங்கள் நடத்தையில் உண்டு. பூவில் தேன் குடிக்கும்போதும் முன்னிறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது ஆறு கால்களும் தெரியும். வரியன்கள் போன்ற குடும்பத்தில் முன்னங்கால்கள் சுருங்கிப்போய் நான்கு கால்களே தெரியும்.

எலுமிச்சை அழகியில் சந்தேகமே வராது. கருப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள் இறைந்து கிடக்கும், பின்னிறக்கையின் உள்மூலையில் ஒரு செங்கல் சிவப்புப் புள்ளி. காலை வெயிலில் இறக்கையை விரித்துத் தாழ்வான செடியில் உட்காரும். எங்கும் தாக்குப்பிடிக்கும் இனம், 2004இல் கரீபியனில் டொமினிகன் குடியரசு வரை போய்ச் சேர்ந்து அங்கே எலுமிச்சைத் தோட்டக்காரர்களுக்குக் கவலையாகிவிட்டது.

கறிவேப்பிலை அழகிதான் உண்மையான சோதனை. ஆண் எளிது: கருப்பு உடல், பின்னிறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக, வால் உண்டு. பெண் மூன்று வேடத்தில் வரும். ஒரு வகை ஆணைப் போலவே. இன்னொன்று காமன் ரோஸ் மாதிரி, பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டைகள், பின்னிறக்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். உடம்பில் நச்சு கிடையாது, நச்சுள்ளவர்களின் உடையை அணிந்து தப்பிக்கிறது. இவை எல்லாம் ஒரே இனத்தின் பெண்கள் என்பதை 1865இல் வெளியான கட்டுரையில் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் விளக்கினார். இந்த வேடங்களைத் தீர்மானிப்பது டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு என்று 2014இல் பட்டாம்பூச்சி ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டேயும் அவரது குழுவினரும் காட்டினார்கள். பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை உருவாக்கும் மரபணு அது. நம் சமையலறைச் சன்னலுக்கு வெளியே இருக்கும் பூச்சிக்குள் இவ்வளவு பெரிய கதை நடக்கிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்புதான்.

வேடத்தைப் பிரித்தறிய இறக்கையைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். தலையும் வயிறும் சிவப்பாக இருந்தால் அசல் ரோஸ். உடம்பு கருப்பாக இருந்தால் வேடம் போட்ட கறிவேப்பிலை அழகி. நிச்சயமில்லாவிட்டால் சற்று நேரம் பின்தொடருங்கள். கறிவேப்பிலையையோ எலுமிச்சையையோ சுற்றிச் சுற்றி வந்து முட்டை வைத்தால் தீர்ந்தது, ரோஸ் அந்தச் செடிகளைத் திரும்பியும் பார்க்காது.

ஒரு இடைச்செருகல்: மகாராஷ்டிராவின் மாநிலப் பட்டாம்பூச்சி ப்ளூ மார்மன், கர்நாடகத்துக்கு சதர்ன் பேர்ட்விங், கேரளத்துக்கு மலபார் பேண்டட் பீகாக். மூன்றுமே அழகிகள். தமிழ்நாடு 2019இல் தேர்ந்தெடுத்த தமிழ் மறவன் வேறு குடும்பம், அதை இந்தப் பட்டியலில் தேட வேண்டாம்.

இப்போது உங்கள் புழு. இரண்டு அழகிகளின் பச்சைப் புழுவும் நெருங்கிய சாயல், பட்டையின் அகலமும் நிறமும் மாறிக்கொண்டே இருக்கும், அதை மட்டும் வைத்து நான் பெயர் சொல்ல மாட்டேன். சில நாளில் புழு தின்பதை நிறுத்திவிட்டு, ஈரமாகக் கழித்துவிட்டு, செடியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பிக்கும். செத்துவிட்டதோ, பறவை தூக்கிவிட்டதோ என்று பலர் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். பக்கத்துச் சுவர், தொட்டி விளிம்பு, காய்ந்த குச்சி எல்லாம் தேடுங்கள். வால் நுனியை ஒட்டி, இடுப்பில் பட்டு நூல் ஒன்றைக் கட்டி, தலை மேலாகச் சாய்ந்து நிற்கும். பச்சை இலைகளுக்கு நடுவில் என்றால் கூடு பெரும்பாலும் பச்சை, குச்சியில் என்றால் பழுப்பு. ஏறக்குறைய 10 நாளில், வெளிவருவதற்கு முந்தைய நாள், கூடு கருத்து உள்ளிருக்கும் இறக்கை வெளியே தெரியும். மஞ்சள் திட்டுகள் நிறையத் தெரிந்தால் எலுமிச்சை அழகி, பெரும்பகுதி கருப்பாக இருந்தால் கறிவேப்பிலை அழகி. கூட்டில் சின்னத் துளை மட்டும் இருந்து பட்டாம்பூச்சி வரவில்லை என்றால் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது என்று பொருள். அதுவும் இயற்கையில் உள்ளதுதான்.

செடியைப் பற்றி வீட்டில் கவலைப்பட்டால்: வளர்ந்த கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும், ஒன்றும் ஆகாது. கன்றாக இருந்தால் மொட்டையாகிவிடும், அப்போது புழுக்களைப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். எடுக்கும்போது பிடித்து இழுக்காமல் இலையோடு கிள்ளி வையுங்கள். நான் சமையலுக்கு ஒன்று, இவற்றுக்கு ஒன்று என்று இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன். டப்பாவில் வளர்ப்பவர்கள் கடையில் வாங்கிய கறிவேப்பிலையை மட்டும் போடாதீர்கள், மருந்தடித்த இலையாக இருந்தால் புழு செத்துவிடும்.

அடுத்து எதையாவது பார்த்தால் புழுவை மட்டும் நெருக்கமாக எடுக்காமல், செடியின் இலை முழுதாகத் தெரியும்படி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால் நுனி தெரிய ஒன்று என்று படம் எடுத்து, ஊரையும் மாதத்தையும் சேர்த்துக் கருத்தில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.