கேளுங்கள், பேராசிரியர் பதில் சொல்கிறார்

(தருமபுரியில் கதைக்கலை கற்பிக்கும் பேராசிரியரிடம் வாசகர்கள் கேட்டவை.)

கதை போகும் வழியை வாசகரே தேர்ந்தெடுத்துப் படிப்பது கதையா, விளையாட்டா ஐயா?
*வாசகர், பென்னாகரம்*

இரண்டும்தான். கூத்தில் கட்டியங்காரன் முன்வரிசைக்காரரை வம்புக்கு இழுத்து, அவர் பதிலை வைத்தே அடுத்த வசனத்தைப் பேசுவதைப் பார்த்திருப்பீர்களே! அச்சிலும் உண்டு. அர்ஜென்டினாவின் ஹூலியோ கோர்த்தசார் 1963இல் எழுதிய 'ரயூலா' நாவலை 56ஆம் அத்தியாயத்தோடு மூடிவிடலாம்; ஆசிரியரின் அட்டவணைப்படி 73இல் தொடங்கித் தாவித் தாவியும் படிக்கலாம்.

கிளை பிரித்துக்கொண்டே போனால் எப்போது எழுதி முடிப்பது?
*முதுகலை மாணவி, அரூர்*

முடியாதம்மா. பத்து இடங்களில் இரண்டிரண்டாகப் பிரித்தால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். அதனால் கிளைகளை மறுபடி ஒன்றுசேர்க்க வேண்டும். ஆனால் எந்த வழியாக வந்தோம் என்பதைக் கதை மறக்கக் கூடாது.

என் மாணவி ஒருவர் பாலக்கோடு தக்காளி விவசாயியைப் பற்றி எழுதினார். விடியற்காலை மண்டியில் கூடை விலை விழுந்துவிட்டது. கேட்ட விலைக்குத் தள்ளிவிடலாம். அல்லது போகிற வழியில் சாலையோரம் கொட்டிவிடலாம். எதைத் தேர்ந்தாலும் அடுத்த காட்சி வீடுதான். மனைவி "எவ்வளவு வந்தது?" என்கிறாள். விற்றவன் வண்டி வாடகை போக மிஞ்சியதைச் சொல்கிறான். கொட்டியவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறான். முதல் வரைவில் 'பெங்களூருக்கு ஓடிப்போ' என்று மூன்றாவது வழியும் இருந்தது. வெட்டச் சொன்னேன். அந்த ஆளுக்கு இல்லாத வழியை வாசகருக்கு மட்டும் கொடுப்பானேன்?

கணினி நிரல் தெரிய வேண்டுமா?
*வாசகர், ஓசூர்*

தேவையில்லை. 2009இல் வந்த ட்வைன், இப்படிக் கிளை பிரியும் கதைகளை எழுதுவதற்கான இலவச மென்பொருள்; தமிழிலேயே எழுதலாம். இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்ட சொல் அடுத்த பகுதிக்கு இணைப்பாகிவிடும். அதற்கு முன் காகிதத் துண்டுகளைத் தரையில் பரப்பிப் பாருங்கள்.

இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?
*ஆசிரியை, கிருஷ்ணகிரி*

வாசகர் எங்கே தயங்குகிறார், எங்கே பின்வாங்குகிறார் என்பது இருக்கிறது. பக்கம் புரட்டுவதற்கு மேலாக வாசகர் உழைத்தாக வேண்டிய பனுவல்களை நார்வே அறிஞர் எஸ்பன் ஆர்செத் 1997இல் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். ஆய்வு மாணவர்கள் அதை ஒப்பித்துவிடுவார்கள். தேநீர்க் கடையில் ஒருவரிடம் கதையைக் கொடுத்து, விரல் எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்துவரச் சொன்னால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்?
*மாணவர், காரிமங்கலம்*

எல்லா வழிகளிலும் படித்துத்தான், தம்பி. திருத்துகிற வேலை மூன்று மடங்கு; சம்பளம் பழைய சம்பளமே.